ஐந்து மதிப்பெண் விடை

வரலாற்றுத் தேர்வுக்கு ஒரு வரிகூடப் படிக்காமல் போனவனும் தைரியமாக எழுதக்கூடிய விடை ஒன்று உண்டு. வங்காளத்தை 1905இல் ஏன் பிரித்தார்கள்? பிரித்தாளும் சூழ்ச்சி. 1909இல் தனித்தொகுதி ஏன் கொடுத்தார்கள்? பிரித்தாளும் சூழ்ச்சி. 1947இல் நாடு ஏன் துண்டானது? அதேதான். எங்கள் ஆசிரியர் அந்தச் சொல்லைக் கண்டதும் மேற்கொண்டு படிக்காமல் ஐந்து மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார்.

பள்ளியை விட்டு வந்து முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அந்த விடை மட்டும் என்னை விடவில்லை. தெற்காசியாவைப் பற்றி யார் பேச எழுந்தாலும், கருத்தரங்க மேடையாக இருந்தாலும் டீக்கடை பெஞ்சாக இருந்தாலும், கடைசியில் அங்கேதான் வந்து இறங்குகிறார்கள். இப்போது அதற்குக் கொஞ்சம் படித்த உடுப்பு: 'காலனியக் கட்டமைப்பு'. சாதி காலனியக் கட்டமைப்பு. இந்து-முஸ்லிம் பகை காலனியக் கட்டமைப்பு. சிங்களவர்-தமிழர் பிணக்கும் அப்படியே. இடதுசாரி நண்பரும் இதைச் சொல்கிறார், வலதுசாரி நண்பரும் சொல்கிறார். வேறு எதிலும் ஒத்துப்போகாத இருவர் ஒன்றில் மட்டும் இவ்வளவு சுலபமாகக் கைகுலுக்கினால், அந்த இடத்தில் இருவருக்கும் வசதியான ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். 1871-72இல் தொடங்கிய குடிக்கணக்கு, அதுவரை ஊருக்கு ஊர் வேறுபட்டு நெகிழ்ந்து கிடந்த பெயர்களை அட்டவணையில் ஆணியடித்தது. 1901 கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி சாதிகளை மேல்-கீழ் வரிசையில் அடுக்கவே முனைந்தார். 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறந்த குழந்தையையும் சேர்த்துக் குற்றவாளியாக்கியது. பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று அந்தச் சட்டத்துக்குப் பணிய மறுத்த கள்ளர்களைச் சுட்டுத் தள்ளியது அந்த அரசுதான். 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பசியில் செத்தபோது ஆண்டதும் அதே அரசு. வெள்ளையர் ஆட்சிக்கு வக்காலத்து வாங்க எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை.

ஆனால் ஒரு காரணத்தைச் சொல்லும்போது அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாமா? ஊரில் பரவும் நோய்க்கு ஒரு கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று ஒருவர் சொன்னால், அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்காத வீட்டைப் போய்ப் பார்ப்போம். தெற்காசியாவில் அப்படி இரண்டு வீடுகள் இருக்கின்றன. நேபாளத்தையும் பூட்டானையும் வெள்ளையர் நேரடியாக ஆண்டதில்லை. 1816 சுகௌலி உடன்படிக்கையில் நேபாளம் நிலத்தை இழந்தது, காட்மாண்டுவில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வந்து உட்கார்ந்தார், கூர்க்காக்கள் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார்கள். அது உண்மை. உள்நாட்டு வரி, சட்டம், நீதி எல்லாம் உள்ளூர்க்காரர் கையிலேயே இருந்தன.

அந்தக் கைகள் என்ன செய்தன? 1854இல் ஜங் பகதூர் ராணா 'முலுகி ஐன்' என்ற சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தார். நாட்டு மக்கள் எல்லாரையும் அது ஐந்து படிகளில் நிறுத்தியது. மேலே பூணூல் அணிவோர். அதற்குக் கீழே மது அருந்துகிற, ஆனால் அடிமையாக்கக் கூடாத சாதிகள். மூன்றாவது படியில் மது அருந்துகிற, அடிமையாக்கலாம் என்ற சாதிகள். தாமாங்குகள் போன்ற மலை மக்கள் இங்கே வந்தார்கள். நான்காவது படியில் இருப்பவரைத் தொட்டால் தீட்டில்லை, ஆனால் அவர் கையால் தண்ணீர் வாங்கக் கூடாது. ஐந்தாவது, தொட்டாலே தீட்டு. யார் யாரோடு உண்ணலாம், யார் யாரோடு சேரலாம், மீறினால் எந்தச் சாதிக்கு எவ்வளவு தண்டனை என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்தார்கள். இந்தியாவில் முதல் குடிக்கணக்குக்கு அப்போது இன்னும் பதினேழு ஆண்டுகள் இருந்தன. ரிஸ்லிக்கு வயது மூன்று.

இதில் எனக்குப் பிடித்த ஒரு தகவல் உண்டு. ஐரோப்பியர்களுக்கும் அந்தச் சட்டம் இடம் ஒதுக்கியிருந்தது: நான்காம் படி. தண்ணீர் வாங்கத் தகாதவர்கள். சாதியை வெள்ளைக்காரன் கட்டமைத்தான் என்பவர்கள், வெள்ளைக்காரனையே சாதிக்குள் கட்டமைத்த இந்தச் சட்டத்தை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை. ஜங் பகதூர் 1850இல் இலண்டனுக்கும் பாரிசுக்கும் போய்வந்தவர், அங்கே கண்ட சட்டப் புத்தகங்களின் பாதிப்புதான் இது என்று ஒரு வாதம் வரும். சட்டத்தைத் தொகுக்கும் ஆசை அங்கிருந்து வந்திருக்கலாம். தீட்டு அங்கிருந்து வரவில்லை. இந்தச் சட்டத்தின் சாதி அடுக்கு 1963 வரை, நூறாண்டுக்கும் மேலாக, ஏட்டில் இருந்தது.

பூட்டானுக்குப் போவோம். 1910 புனாகா உடன்படிக்கைப்படி வெளியுறவில் பிரிட்டிஷ் ஆலோசனை. உள்விவகாரத்தில் தலையீடு இல்லை. மகிழ்ச்சியை அளக்கும் நாடு என்று உலகம் கொண்டாடுகிற இந்த நாட்டின் தெற்கே, தலைமுறைகளாகப் பயிரிட்டு வாழ்ந்தவர்கள் நேபாளி பேசும் லோட்சாம்பாக்கள். 1958இல் அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. 1985இல் சட்டம் மாறியது. 1958இல் நீ இங்கே இருந்தாய் என்பதற்குச் சான்று காட்டு என்றார்கள். 1988 கணக்கெடுப்பில் அந்த ஆண்டின் வரி ரசீதைத் தேடி வீடு வீடாகப் பெட்டிகள் கவிழ்ந்தன. 1989இல் எல்லாரும் வடக்கத்திய உடையையே உடுத்த வேண்டும் என்ற ஆணை வந்தது. பள்ளிகளில் நேபாளி மொழி நின்றது. 1990இல் போராட்டம், அடக்குமுறை, பிறகு வெளியேற்றம். சிறிய அந்த நாட்டிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நேபாளத்தின் ஜாபா, மோரங் மாவட்டங்களில் ஏழு முகாம்களில் மூங்கில் குடிசைகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

எந்த வைஸ்ராயும் இல்லை, எந்த ரிஸ்லியும் இல்லை, எல்லைக்கோடு போட எந்த ராட்கிளிஃபும் இல்லை. கிணற்றுத் தண்ணீரே எடுக்காத வீட்டில் அதே நோய்.

தமிழ்நாட்டுக் கதைக்கு இங்கே ஒரு இடம் உண்டு. காலனியம்தான் சாதியை இன்றைய உருவில் சமைத்தது என்ற வாதத்தை வலுவாக முன்வைத்த நிக்கோலஸ் டர்க்ஸ், அதற்கு முன்பு புதுக்கோட்டை சமஸ்தானத்தை ஆராய்ந்தவர். அவருடைய வாதம் நுட்பமானது. சாதியே இருக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. நம்மவர்கள் அதைச் சாறு பிழிந்து சக்கையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'தீண்டாச்சேரி' என்றும் 'பறைச்சேரி' என்றும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல் அது. அதை வெட்டிய சிற்பிக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி கூலி கொடுக்கவில்லை.

குடிக்கணக்குக்கே வருவோம். அதிகாரி ஒருவர் மேசையில் உட்கார்ந்து பெயர் சூட்டினார், மக்கள் தலையாட்டினார்கள் என்பதுதான் நாம் மனத்தில் வைத்திருக்கும் படம். நடந்தது வேறு. கணக்கெடுப்பு வருகிறது என்றாலே சாதிச் சங்கங்கள் மனு எழுதத் தொடங்கிவிடும். எங்களை இந்தப் பெயரில் எழுது, அந்த வரிசையில் வை, சத்திரியர் என்று குறி. சாணார் என்ற பெயரை மாற்றி நாடார் என்று எழுத வைக்கச் சங்கங்கள் பல்லாண்டு போராடின. 1921இல் அது நடந்தது. எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தை அடுத்து 1922இல் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் அரசு ஆவணத்தில் ஏறியது. வெள்ளையன் விரித்த தாளில் நம்மவர்கள் தங்கள் கையால் தங்கள் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். சிலருக்கு அது மேலே ஏறும் ஏணியாக இருந்தது, சிலருக்குக் கீழே தள்ளியவனைக் கேள்வி கேட்கும் வழக்குமன்றமாக இருந்தது. 'கட்டமைக்கப்பட்டது' என்று செயப்பாட்டுவினையில் எழுதும்போது இந்த மனுக்காரர்கள் எல்லாரும் வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறார்கள். செயப்பாட்டுவினை எழுவாயை மறைக்க மிக வசதியான இலக்கணம்.

அப்படி மறைந்தவர்கள் வங்காளத்தில் இன்னும் அதிகம். 1905 பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி அலையை நாம் மறக்கவே முடியாது, தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பல் விட்டதும் அந்த அலையின் மேல்தான். வைஸ்ராய் கர்சன் பிரித்த வங்காளத்தை 1911இல் ஒட்டவைத்தார்கள். பாடப்புத்தகம் இங்கே மூச்சு விட்டுக்கொண்டு நேராக 1947க்குத் தாவிவிடும். 1947 ஜூன் 20 அன்று வங்காளச் சட்டமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பைச் சொல்லாது. முஸ்லிம் பெரும்பான்மை மாவட்டங்களின் உறுப்பினர்கள் பிரிவினை வேண்டாம் என்றார்கள். மற்ற மாவட்டங்களின் உறுப்பினர்கள் தனியாகக் கூடி, பிரிக்க வேண்டும் என்று வாக்களித்தார்கள்: 58க்கு 21. ஒன்றுபட்ட வங்காளம் என்று வங்காளத் தலைவர்களான சரத் சந்திர போஸும் சுஹ்ரவர்தியும் முன்வைத்த யோசனை யாரும் சீந்தாமல் கிடந்தது. ஒரு மாகாணத்தைப் பிரிக்கக் கூடாது என்று அந்நியத் துணியைக் கொளுத்திய பத்ரலோகம் என்னும் இந்து மேல்தட்டு, நாற்பது ஆண்டில் அதே மாகாணத்தைப் பிரித்தே ஆக வேண்டும் என்று கேட்டது. ஏன்? மாகாணத் தேர்தல் வந்த பிறகு அங்கே பெரும்பான்மை யார் என்பது தெளிவாகிவிட்டது. நிலம், குத்தகை, கடன், அரசு வேலை எல்லாம் யார் கையில் போகும் என்ற கணக்கு அதில் இருந்தது. ஜோயா சாட்டர்ஜி 1994இல் வெளியிட்ட நூலில் இந்தக் கணக்கை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். சிரில் ராட்கிளிஃப் 1947 ஜூலை 8 அன்றுதான் இந்தியாவில் வந்து இறங்கினார். அவர் கோடு போட்டது உண்மை, அவசரத்தில் போட்டது உண்மை. கோடு வேண்டும் என்று கேட்டவர்கள் அவருக்கு முன்பே வரிசையில் நின்றார்கள்.

தனித்தொகுதியும் இப்படித்தான். 1909இல் அதைக் கொடுத்தது மிண்டோ-மார்லி சீர்திருத்தம். 1916இல் லக்னோவில் உட்கார்ந்து அதை ஏற்றுக்கொண்டது காங்கிரசும் முஸ்லிம் லீக்கும். திலகரும் ஜின்னாவும் சேர்ந்து செய்த ஒப்பந்தம் அது. அன்றைய நிலையில் அது நியாயமான சமரசமாகவே இருந்திருக்கலாம். ஆனால் பொறியில் தெரியாமல் கால் வைத்தவர்கள் போல அவர்களைக் காட்டாதீர்கள். அவர்கள் வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், தேர்ந்த அரசியல்வாதிகள். சூழ்ச்சிக் கதையில் நம் முன்னோர் எல்லாரும் வெள்ளையன் பிசைந்த மாவாக வருகிறார்கள். தேசபக்தியின் பெயரால் சொல்லப்படும் கதைகளில் முன்னோரை இவ்வளவு மட்டமாகச் சித்திரிக்கும் கதை வேறு இல்லை.

இனி, வெள்ளையர் விட்டுப்போன கருவிகளைப் பற்றி. 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை நசுக்க வைஸ்ராய் லின்லித்கோ ஓர் அவசரச் சட்டம் போட்டார். கலவரப் பகுதியில் படை அதிகாரி சுட்டுக் கொல்லவும் ஆணையிடலாம். ஆனால் அந்த அதிகாரி கேப்டன் பதவிக்குக் குறைந்தவராக இருக்கக் கூடாது. சுதந்திர இந்திய நாடாளுமன்றம் 1958இல் இதைப் பின்பற்றி ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தை இயற்றியது, அசாம்-மணிப்பூர் மலைகளுக்காக. கேப்டன் என்ற வரம்பு போயிற்று. ஹவில்தார் போதும். காலனிய மரபின் தொடர்ச்சி என்று இதை எழுதுகிறவர்கள் இந்த ஒரு திருத்தத்தைக் கவனிக்க வேண்டும். அந்நியன் தன் ஆட்சியின் இறுதி நெருக்கடியில்கூட வைத்திருந்த ஒரு வரம்பை, நம்மால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நம் குடிமக்கள்மீது பயன்படுத்தும்போது எடுத்துவிட்டார்கள். 1966 மார்ச்சில் ஐஸ்வால் நகரின் மேல் குண்டு வீசியது இந்திய விமானப்படை. அடுத்து மிசோ கிராமங்களைக் காலிசெய்து, காவலுக்குள் வைத்த குடியிருப்புகளில் மக்களைத் திரட்டினார்கள். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷார் செய்த ஏற்பாடு அது. பக்கத்தில் பாகிஸ்தானும் சளைக்கவில்லை. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் குலத்தையே தண்டிக்கும் 1901ஆம் ஆண்டின் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குவிதியைப் பழங்குடிப் பகுதிகளில் 2018 வரை வைத்திருந்தது. எழுபது ஆண்டு கையில் வைத்திருந்து, தீட்டி, எண்ணெய் போட்டுப் பயன்படுத்திய அரிவாள் தாத்தாவுடையது என்று எத்தனை நாள் சொல்ல முடியும்?

அடக்கப்பட்டவர் கையில் அதிகாரம் வந்தால் மாறும் என்று நினைக்கவும் வழியில்லை. உருதுதான் ஒரே அரசு மொழி என்று 1948இல் டாக்காவில் ஜின்னா சொன்னதை எதிர்த்து, 1952 பிப்ரவரி 21இல் உயிர் கொடுத்து, 1971இல் தனிநாடே கண்டார்கள் வங்காளிகள். அடுத்த ஆண்டே புதிய அரசியல் சட்டம் குடிமக்கள் எல்லாரையும் வங்காளிகள் என்றது. நாங்கள் சக்மாக்கள், வங்காளிகள் அல்ல என்று அவையில் எழுந்து சொன்ன மனபேந்திர நாராயண் லார்மா வெளிநடப்புச் செய்தார். சிட்டகாங் மலைப்பகுதியில் மூண்ட போர் 1997 ஒப்பந்தம் வரை நீண்டது. மொழித் திணிப்பின் வலி யாருக்குத் தெரியாவிட்டாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதை வைத்து, இந்த விடை வெறும் அரைகுறை என்று சிலர் முடிவுகட்டலாம். அதோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அரைகுறை விளக்கங்களால் யாருக்கும் வீடு போவதில்லை. இந்த விளக்கத்தால் போயிருக்கிறது.

இலங்கையைப் பாருங்கள். மலையகத் தமிழர்களை யார் கொண்டுவந்தது? வெள்ளைத் தோட்ட முதலாளி. முதலில் காப்பிக்கு, பிறகு தேயிலைக்கு. கண்டிச் சிங்களவரின் நிலத்தைப் பறித்த ஆட்சிதான் கொண்டுவந்தது. இவை எல்லாம் சரியான வரலாறு. இந்தச் சரியான வரலாற்றை எடுத்து வைத்துக்கொண்டுதான் 1948இல், வெள்ளையர் கொடி இறங்கி ஓராண்டு முடிவதற்குள், ஏழு லட்சம் பேரின் குடியுரிமையைப் பறித்தார்கள். அவர்கள் காலனியத்தின் மிச்சம். காலனியம் போயிற்று, மிச்சமும் போகட்டும். 1947 தேர்தலில் அவர்களுடைய இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றிருந்தது என்பதும், அவர்கள் வாக்குகள் பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குப் போயின என்பதும் பின்னணியில் இருந்தன. அதை வெளியே சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. 'வெள்ளைக்காரன் கொண்டுவந்தது' என்ற ஒரு வரி போதுமாக இருந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பண்டம் போலப் பங்கிட்டார்கள்: உனக்கு 5,25,000, எனக்கு 3,00,000, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்வோம். எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒருவழியாகத் தீர்ந்தது.

யாழ்ப்பாணத்தாருக்கும் இதே கதை வேறு வடிவில். வெள்ளையன் தமிழனுக்குச் சலுகை காட்டினான், எழுத்தர் வேலையெல்லாம் கொடுத்தான், அந்த அநியாயத்தைச் சரிசெய்கிறோம் என்றுதான் 1956இன் தனிச்சிங்களச் சட்டமும் எழுபதுகளின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும் வந்தன. யாழ்ப்பாணத்தில் பள்ளிகள் பெருகியதில் முதல் பங்கு அமெரிக்கப் பாதிரிகளுடையது. 1816இல் வந்தவர்களைப் பிரிட்டிஷ் ஆட்சி சந்தேகக் கண்ணோடு பார்த்து வடக்கிலேயே இருந்துகொள்ளச் சொன்னது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி எழுந்தது. மண் வறண்டது, வேறு தொழில் குறைவு, படிப்பு பிழைக்க வைத்தது. கொழும்பில் உட்கார்ந்து யாரும் தமிழனை உயர்த்தத் திட்டம் போடவில்லை. ஆனால் சூழ்ச்சிக் கதைக்கு இந்த விவரம் எதற்கு?

இன்னொன்று. சிறுபான்மையினருக்கு எதிராகப் பாகுபாடு காட்டும் சட்டம் செல்லாது என்று ஒரு பிரிவு வெள்ளையர் கொடுத்த சோல்பரி அரசியலமைப்பில் இருந்தது, 29ஆம் பிரிவு. 1972இல் காலனியத் தளையை அறுத்தெறிந்த குடியரசு அரசியலமைப்பு அதையும் சேர்த்து அறுத்தெறிந்தது. அந்த அரசியலமைப்பை வரைந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. 1956இல் தனிச்சிங்களம் நாட்டை இரண்டாக்கும் என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தவரும் அவரே. மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாரும் 1956ஐக் காட்டுவார்கள். 1972ஐக் காட்டுபவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

பர்மாவில் இந்தக் கதை சட்ட வாசகமாகவே மாறியது. 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணம் அது. 1982 குடியுரிமைச் சட்டத்தில் மண்ணின் மைந்தரைத் தீர்மானிக்க ஓர் ஆண்டைக் குறித்தார்கள்: 1823. முதல் ஆங்கில-பர்மியப் போர் தொடங்கியது 1824இல். வெள்ளையன் வருவதற்கு முன்பே இருந்தவன் நம்மவன். பின்னால் வந்தவன் வெள்ளையனுடையவன். காலனிய எதிர்ப்பு வரலாற்றை இதைவிடத் துல்லியமாகச் சட்டமாக்க முடியாது. ரோஹிங்கியாக்கள் பல தலைமுறை அரக்கானில் வாழ்ந்திருந்தும் அந்தக் கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். 2017இல் ஏழு லட்சம் பேருக்கு மேல் நாஃப் ஆற்றைக் கடந்து வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அவர்களுக்கு முன்பே, 1964 தேசியமயத்தோடு கடை கண்ணியை இழந்து ரங்கூன் துறைமுகத்தில் கப்பலேறியவர்களில் நம்மவர்கள் ஏராளம். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969இல் முளைத்த பர்மா பஜாரில் செல்போன் உறை வாங்கும் பையனுக்கு அந்தக் கடை வரிசை ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

அசாமில் அதே வரலாறு: கிழக்கு வங்கத்து உழவர்களைக் கொண்டுவந்து ஆற்றங்கரையில் குடியேற்றியது காலனி ஆட்சி. உண்மைதான். 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சம் பேர் பெயர் இல்லை. தாத்தா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால், திருமணமாகி வேறு ஊர் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டோடு தொடர்பு காட்டத் தாள் இல்லாவிட்டால், நீ வெள்ளையன் காலத்துப் பிழை, திருத்தப்படுவாய்.

இலங்கை, பர்மா, அசாம். மதம் வேறு, மொழி வேறு, ஆட்சி முறை வேறு. வாதம் மட்டும் ஒன்று. அந்நியன் காலத்தில் நடந்த இடப்பெயர்ச்சி எல்லாம் அந்நியனின் சூழ்ச்சி. ஆகவே இடம்பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சூழ்ச்சியின் எச்சம். எங்கள் ஆசிரியர் ஐந்து மதிப்பெண் போட்ட விடையை அமைச்சரவையில் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் வரும்.

இங்கே வழக்கமாக ஒரு குரல் எழும்: இப்படிப் பேசினால் ஏகாதிபத்தியத்தை வெள்ளையடிப்பதாகிவிடாதா? பழி என்ன, பந்தியில் பரிமாறும் பாயசமா, இவருக்கு ஒரு கரண்டி வைத்தால் அவருக்குக் குறைந்துபோவதற்கு? கர்சனுக்கு உரியது கர்சனுக்கு. 58 பேருக்கு உரியது அந்த 58 பேருக்கு. ஒருவரைக் கூண்டில் ஏற்றினால் இன்னொருவர் விடுதலையாகிவிடுவார் என்ற விதி எந்த நீதிமன்றத்திலும் இல்லை. கல்விப்புலத்தில் மட்டும் எப்படியோ அது நடைமுறைக்கு வந்துவிட்டது.

தமிழர்களாகிய நமக்கும் இந்த விடை சுகமாகத்தான் இருக்கிறது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட தமிழர்களை மறித்து நின்றவர்கள் தமிழர்கள். கவர்னர் துரை வீட்டுக்குப் போய் இருபது ஆண்டாகியிருந்தது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியது புலிகள் இயக்கம். யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்குச் சில மணி நேரம்தான் கிடைத்தது, கையில் எடுத்துப்போகக் கொஞ்சம் பணமும் துணியும். எழுபதாயிரம் பேருக்கு மேல். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்ந்தவர்கள். எந்த வைஸ்ராயின் கோப்பில் இதற்கான வரைவைத் தேடுவது? இதை எழுதினால் நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சூழ்ச்சிக் கதையை எல்லாருக்கும் பிடிப்பதற்கு இதுவே காரணம். எல்லார் வீட்டிலும் திறக்க விரும்பாத ஒரு பெட்டி இருக்கிறது. அதன் மேல் துரையை உட்கார வைத்துவிட்டால் யாரும் திற என்று கேட்க மாட்டார்கள்.

நான் மாணவர்களிடம் சொல்வது இவ்வளவுதான்: 1947ஓ 1948ஓ வந்ததும் ஏட்டை மூடாதே. அங்கிருந்துதான் படிக்கத் தொடங்கு. எந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள், எந்த வரியைத் திருத்தினார்கள் என்று பழைய பிரதியையும் புதிய பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார். கேப்டன் எந்த ஆண்டில் ஹவில்தாராக மாறினான் என்று தேடு. அதைவிட முக்கியமாக, நேபாளத்தையும் பூட்டானையும் பாடத்திட்டத்தின் ஓரத்தில் மலையும் மடாலயமுமாக விட்டுவைக்காதே.

பூட்டானிலிருந்து துரத்தப்பட்டவர்களை 2007க்குப் பிறகு வேறு நாடுகள் ஏற்றுக்கொள்ளத் தொடங்கின. பெரும்பாலோர் அமெரிக்கா போனார்கள். 2025இல் அவர்களில் சிலரை அமெரிக்கா பிடித்து விமானத்தில் ஏற்றிப் பூட்டானுக்கே அனுப்பியது. பூட்டான் அவர்களை இந்திய எல்லையில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து அவர்களில் சிலர், தாங்கள் வளர்ந்த அகதி முகாம் இருக்கும் நேபாளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அனுமதியில்லாமல் நாட்டுக்குள் நுழைந்ததாக நேபாளப் போலீஸ் அவர்களைப் பிடித்து வைத்தது.